முப்பத்தஞ்சு பேரைக் கை கழுவ வைக்கப் பட்ட பாடு

துணி கொடுக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர் எங்கள் தையல் யூனிட்டின் கை கழுவும் இடத்துக்கு டிக் போட்டுவிட்டுப் போனார். அதற்கடுத்த மாதம் மஞ்சள்காமாலை வந்தது. வாஷ்பேசின் இருந்தது, சோப்பு இருந்தது, கை கழுவுவது எப்படி என்று படம் போட்ட போஸ்டர் தமிழிலும் இந்தியிலும் இருந்தது. ஆடிட் முடிந்ததும் லிக்விட் சோப்பு பாட்டில் ஆபீஸ் பீரோவுக்குள் போய்விடும், அடுத்த ஆடிட்டுக்குத்தான் வெளியே வரும். ஜாப் ஒர்க் எடுக்கிற சின்ன யூனிட்டுகள் பலவற்றில் இதுதான் நடைமுறை, திருப்பூர்த் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். என் யூனிட் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் இருக்கிறது. டெய்லர், கைமடி (டெய்லருக்குக் கூடமாட உதவுகிறவர்), செக்கிங், அயர்ன் எல்லாம் சேர்த்து 35 பேர். வீட்டுக்காரருக்கு லாரித் தொழில், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான், அதனால் யூனிட்டில் நல்லது கெட்டது எல்லாம் என் தலையில்தான். இந்த 35 பேரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்க நான் விட்ட பணத்தையும் வாங்கின பேச்சையும் எழுதி வைக்கிறேன். எனக்கு முன்னால் செய்து பார்த்த யாராவது எங்கெங்கே அடிபடும் என்று சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

முதலில் படுத்தது ஒரு கைமடிப் பொண்ணு. காய்ச்சல், சோற்றைப் பார்த்தாலே குமட்டல், மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு நாளில் கண் மஞ்சளாகிவிட்டது, ஊருக்கு அனுப்பிவிட்டோம். அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது மூணு வாரம் கழித்து ஓவர்லாக் டெய்லர் ரெண்டு பேர், அயர்ன் மாஸ்டர், அப்புறம் என் சின்னப் பையன். அவன் பள்ளிக்கூடம் விட்டு நேராக யூனிட்டுக்கு வந்து செக்கிங் டேபிளில் உட்கார்ந்து எல்லோரிடமும் முறுக்கு வாங்கித் தின்கிறவன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து ஹெபடைடிஸ் ஏ என்றார். மலத்தில் வெளியேறுகிற வைரஸ் கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ இன்னொருத்தர் வாய்க்குப் போவதுதான் இந்த நோய். கேட்கவே அருவருப்பாக இருந்தது, ஆனால் அதை நல்லபடியாகச் சொல்ல வேறு வழி கிடையாது.

அவர் சொன்னதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொன்று. உடம்புக்குள் வைரஸ் புகுந்து நோய் வெளியே தெரிய சராசரியாக 28 நாள் ஆகும், 15 நாளிலும் வரலாம், 50 நாளும் ஆகலாம். கண் மஞ்சளாவதற்கு முன்னால் இருக்கிற ரெண்டு வாரத்தில்தான் அந்த ஆளிடமிருந்து மற்றவர்களுக்கு அதிகமாகப் பரவும். அதாவது அந்தப் பொண்ணு எங்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசி போண்டாவைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. சின்னக் குழந்தைகளுக்கு வந்தால் பல சமயம் கண்கூட மஞ்சளாகாது, நன்றாக ஓடியாடிக்கொண்டே பரப்பிக்கொண்டிருப்பார்கள். நோய் வந்தவரை வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்கிற கணக்கு இங்கே செல்லாது. நன்றாக இருக்கிறவர்களும் தினமும் கழுவினால்தான் உண்டு.

பையனுக்கு டிரிப், டெஸ்ட், ரூம் வாடகை என்று 38,000 ரூபாய் ஆனது. இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும், ஓய்வும் சாப்பாடும் தண்ணீரும்தான் வைத்தியம் என்பதைப் பில் கட்டின பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இதே டெஸ்ட் காசில்லாமல் எடுத்திருக்கலாம். கீழாநெல்லி அரைத்துக் குடித்தவர்களும் எழுந்துவிட்டார்கள், மந்திரித்துக்கொண்டவர்களும் எழுந்துவிட்டார்கள். தானாகச் சரியாகிற நோயில் கடைசியாகக் கை வைத்தவருக்குத்தான் பேர். ஆனால் ஒன்று: விடாமல் வாந்தி, ஆள் குழம்பிப் பேசுவது, பகலெல்லாம் மயங்கித் தூங்குவது, ரத்தக் கசிவு, இதில் ஒன்று தெரிந்தாலும் பத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். காய்ச்சலுக்கு மாத்திரை போடுவதையும் டாக்டரைக் கேட்டே செய்யுங்கள், ஈரல் ஏற்கெனவே வீங்கியிருக்கும்.

யூனிட்டில் விழுந்த அடி இதைவிடப் பெரிது. டெய்லர் இல்லாமல் லைன் நின்றது, சேதி பரவி நன்றாக இருந்தவர்களும் லீவு போட்டார்கள், கம்பெனிக்காரர்கள் வேன் அனுப்பி வெட்டின பீஸ்களை மூட்டை கட்டி வேறு யூனிட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு அந்த ஆர்டரில் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் போனது. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, தைக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளமே இல்லை. அதில் ஒரு டெய்லர் நகையை அடகு வைத்தது எனக்கு அப்புறமாகத்தான் தெரிந்தது.

தண்ணீரில் இருந்தும் வந்திருக்கலாம் என்பதால் முதலில் தொட்டியைத்தான் பார்த்தேன். மேல்தொட்டியைக் காலி செய்து தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்துக் கழுவி விட்டோம். குடிக்க கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும். கொதி வந்து ஒரு நிமிஷம் கொதித்தால் இந்த வைரஸ் செத்துவிடும். பஞ்சாயத்துத் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சுகாதாரத் துறையிலிருந்து வந்து பார்த்தார்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். கை கழுவுவதைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடக்கும், அதனால் இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

அப்புறம் கை. டீ டைமில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினேன். செக்கிங்கில் இருக்கிற பெரியம்மா ஒருத்தர், என் அம்மா வயது, சட்டென்று கேட்டார்: "ஏம்மிணி, எங்க கை அழுக்குன்னா சொல்ற? வெள்ளைத் துணியத் தொடறதுக்கு முந்தி நாங்க கழுவாமத் தொட்டதுண்டா?" உண்மைதான். வெள்ளை பீஸில் ஒரு விரல் ரேகை பட்டாலும் அது ரிஜெக்ட், அதனால் செக்கிங் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறார்கள் என்று கணக்கே கிடையாது. ஆனால் சாப்பிடுவதற்கு முன்னால் கழுவ மாட்டார்கள், சாப்பிட்ட பிறகு கழுவுவார்கள். டெய்லர்கள் அதுவும் இல்லை, மிஷின் எண்ணெய் பட்டால் மட்டும். எனக்குக் கிடைத்த முதல் விஷயம் அதுதான்: இவர்களுக்குக் கழுவத் தெரியாமல் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. கறை கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குத் திட்டு விழுகிறது, அதனால் கழுவுகிறார்கள். கிருமிக்கு அந்த ரெண்டும் இல்லை. நாம் எதையாவது சொல்லப்போகிற ஊரில், ஆட்கள் ஏற்கெனவே எதற்காகக் கழுவுகிறார்கள் என்று ரெண்டு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள், போஸ்டர் அப்புறம் ஒட்டலாம்.

கொரோனா காலத்தில் வாங்கின அஞ்சு லிட்டர் சானிடைசர் கேன் ஸ்டோரில் கிடந்தது, அதை எடுத்து வாசலில் வைத்தோம். நர்ஸிங் படிக்கிற என் அக்கா மகள் வந்து பார்த்துவிட்டு, "சித்தி, இது காமாலைக்குப் பெரிசா கேக்காது" என்றாள். கொரோனா வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். ஹெபடைடிஸ் ஏ, வாந்திபேதி உண்டாக்கும் நோரோ மாதிரியானவற்றுக்கு அந்தப் படலம் கிடையாது, அதனால் ஆல்கஹாலை நம்ப முடியாது. சோப்பும் அவற்றைக் கொல்லுகிறது என்று இல்லை, கையிலுள்ள எண்ணெய்ப்பசையோடு சேர்த்துப் பெயர்த்து எடுத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. அதனால் தேய்க்கிற நேரமும் ஓடுகிற தண்ணீரும்தான் முக்கியம். 20 விநாடி என்பது அதற்குத்தான்.

அந்த 20 விநாடியில்தான் கணக்கு இடித்தது. காலை 11 மணி டீ டைம் எங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம். நனைத்து, தேய்த்து, அலசி நகர ஒருத்தருக்கு அரை நிமிஷம் என்று வைத்தாலும் 35 பேருக்கு ஒரே வாஷ்பேசினில் பதினேழரை நிமிஷம். டீ டைமே முடிந்துவிடும். பீஸ் ரேட்டில் தைக்கிற ஆள் கை கழுவ வரிசையில் நிற்பாரா, பெல் அடித்ததும் டீக்கடைக்கு ஓடுவாரா? இதை யாருமே யோசிப்பதில்லை, பள்ளிக்கூடங்களிலும் இதே கதைதான். அதுவும் எங்கள் வாஷ்பேசின் பின்னால் கக்கூஸ் பக்கம், டீக்கடை முன்னால். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கழுவச் சொல்லி எல்லா இடத்திலும் எழுதி வைக்கிறார்கள், டீயோடு தின்கிற பஜ்ஜியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் ஆட்கள் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை கையால் எடுத்துப் பகிர்ந்து தின்பது அதைத்தான். ஆகவே முன் கேட்டுக்குப் போகிற வழியில், சுவரை ஒட்டி ஒரே நீளப் பைப்பில் ஆறு குழாய் வைப்பது என்று முடிவு செய்தேன். ஆறு குழாய் என்றால் மூணு நிமிஷத்தில் எல்லோரும் முடித்துவிடலாம்.

பிளம்பர் 14,000 கேட்டார், கொடுத்தேன். அவர் தண்ணீர் வருகிற வழியைப் பார்த்தார், போகிற வழியைப் பார்க்கவில்லை. எங்கள் வீதியில் சாக்கடை கிடையாது. ரெண்டாம் நாளே பக்கத்து வீட்டு மாமா வந்து கத்தினார்: "உன்ர கம்பெனித் தண்ணியெல்லாம் என்ர பொடக்காளிக்குள்ள நிக்குது, கொசு புடுங்குது, இதுல நோயத் தடுக்கறேன்னு வேற சொல்றே." பொடக்காளி என்றால் வீட்டின் பின்புறம். அவர் பக்கம் நியாயம் இருந்தது. தளத்தை உடைத்துச் சரிவை மாற்றி, மூலையில் உறிஞ்சுகுழி தோண்டி உடைந்த செங்கல்லும் ஜல்லியும் நிரப்பி, மேலே ரெண்டு வாழை வைக்க இன்னொரு 6,500 ஆனது. குழாய் வைப்பதற்கு முன்னால் கழிவு எங்கே போகும் என்று முடிவு செய்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திருகுகிற குழாயும் வேண்டாம். அழுக்குக் கையால் திறந்து கழுவின கையால் அதையே தொட்டு மூட வேண்டியிருக்கிறது. முழங்கையால் தள்ளுகிற லீவர் குழாய் கொஞ்சம் விலை அதிகம், ஆனால் பிளாஸ்டிக் திருகு போல மாதம் ஒன்று உடையாது.

இதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. எங்கள் பக்கம் ஆற்றுத்தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை, அது குடிக்க மட்டும். மற்றதெல்லாம் போர் தண்ணீர், உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்தால் 2,000-ஐத் தாண்டியது. இந்தத் தண்ணீரிலிருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாகத் திரிந்துவிடும், பக்கெட் ஓரத்தில் படிகிற அதே பிசுக்கு. எவ்வளவு தேய்த்தாலும் கை பிசுபிசுப்பாக இருக்கும், கழுவின திருப்தியே வராது. நுரை வராத சோப்பை மனிதர்கள் நம்புவதில்லை, ரெண்டு நாளில் விட்டுவிட்டார்கள். துணி துவைக்கிற பவுடருக்கு இந்தக் கோளாறு மிகவும் குறைவு, அது உப்புத்தண்ணீரிலும் நுரைக்கும். வங்கதேசத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சோப்புத்தூளைக் கரைத்துப் பாட்டிலில் வைத்துக் கை கழுவப் பழக்கியிருக்கிறார்கள் என்று அக்கா மகள் சொன்னாள். அதே அளவில் கரைத்துத் தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியால் துளை போட்டுத் தொங்கவிட்டேன். ஒரு பாட்டிலுக்கு மூணு நாலு ரூபாய்தான் ஆகும். நுரை வந்தது, ஆளும் வந்தார்கள். செக்கிங் பெண்களுக்கு மட்டும் கை வறண்டது, அவர்கள் கழுவுகிற கணக்குக்கு வறளத்தான் செய்யும். தேங்காயெண்ணெய் தடவவும் முடியாது, துணியில் ஒட்டிவிடும். அவர்களுக்கு மட்டும் ஆற்றுத்தண்ணீர் ஒரு டிரம்மும் குளிக்கிற சோப்பும் தனியாக வைத்தோம். விலை கூடின கிருமிநாசினி சோப்புதான் வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கராச்சியில் வீடுகளுக்கு சோப்புக் கொடுத்துக் கழுவப் பழக்கி 2005-ல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு பாதியாகக் குறைந்திருக்கிறது, சாதா சோப்பும் கிருமிநாசினி சோப்பும் ஒரே பலனைத்தான் கொடுத்திருக்கின்றன.

சோப்புக் காணாமல் போவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கட்டி சோப்பை வெளியே வைத்தால் முதல் திருடன் காக்கா. நிஜமாகத்தான், கண்ணெதிரே கொத்திக்கொண்டு போய் ஓட்டு மேல் வைத்தது. ரெண்டாவது எலி. மூணாவதாகத்தான் மனிதர்கள், அவர்கள் எடுப்பதிலும் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, வீட்டில் போய்க் கழுவட்டும். வெங்காயம் வருகிற வலைப் பையில் சோப்பைப் போட்டு, ஜட்டிக்குத் தைக்கிற எலாஸ்டிக்கில் கட்டித் தொங்கவிட்டோம். இழுத்துத் தேய்த்துவிட்டு விட்டால் அது தன் இடத்துக்குப் போய்விடும், தண்ணீரில் ஊறிக் கரைவதும் நின்றது. துடைக்கப் புடவைத் தலைப்பும் லுங்கியும்தான் முன்னால். பனியன் வேஸ்ட் எங்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, கைக்குட்டை அளவுக்குக் கிழித்து ஒரு பெட்டியில் வைத்தேன், ஒரு தடவை துடைத்துக் குப்பையில் போடு என்று. திருப்பூர்க்காரர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடைக்காது.

எல்லாம் சரியாகி எல்லோரும் கழுவ ஆரம்பித்த பிறகும் ரெண்டு பேருக்குக் காமாலை வந்தது. அன்றைக்கு வாங்கின பேச்சை எழுத முடியாது. "இத்தனை செலவு பண்ணி என்ன ஆச்சுதுங்க்கா, வரதுதானே வந்துது" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். முன்னாலேயே உள்ளே போய்விட்ட வைரஸ் வெளியே தெரிய 50 நாள் வரை ஆகும் என்றால், குழாய் வைத்த முதல் ஒன்றரை மாதத்தில் வருகிற நோய் குழாய் வைப்பதற்கு முன்னாலேயே தொற்றினதாக இருக்கலாம். நோய் வந்த ஊரில் நீங்கள் இதைத் தொடங்கினால் முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், இன்னும் சிலருக்கு வரும், பயப்படாதீர்கள் என்று. அப்புறம் சொன்னால் சாக்கு மாதிரி கேட்கும்.

பேசிப் பேசிப் பழக்குவது நடக்காது என்பது எனக்கு இதற்குள் தெரிந்துவிட்டது. கழுவாதவருக்குப் பத்து ரூபாய் அபராதம் என்று மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார், அதை நான் தொடவே இல்லை, ஒரே வாரத்தில் ஆள் வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் கை கழுவச் சொல்லி ஒரு பிரசாரம் நடத்தியிருக்கிறார்கள், 2014-ல் அதன் முடிவு வெளியானது. கிருமி, நோய், சாவு என்று ஒன்றும் பேசாமல், அருவருப்பையும், பிள்ளையை நல்லபடி வளர்க்கிற அம்மா என்கிற பெருமையையும் மட்டுமே வைத்து நாடகமும் படமும் போட்டிருக்கிறார்கள். கழுவ வேண்டிய நேரத்தில் சோப்புப் போட்டுக் கழுவினவர்கள் முதலில் 1 சதவீதம், ஆறு வாரத்தில் 19, ஆறு மாதத்தில் 37. நூற்றுக்கு நூறு யாராலும் முடியவில்லை என்பதையும் இதில் பாருங்கள், மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

அதைக் கேட்டபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழுக் கூட்டத்தில் கோலப்பொடியை வைத்து ஒன்று செய்தோம். சிவப்புக் கோலப்பொடியில் துளி எண்ணெய் விட்டு ஒரு அக்கா கையில் தடவிவிட்டு, இதுதான் பின்னால் போய்விட்டு வந்த கை என்று வைத்துக்கொள்ளுங்கள், வழக்கம்போலப் பழமை பேசுங்கள், முறுக்குத் தட்டை எல்லோருக்கும் கொடுங்கள் என்றேன். பத்து நிமிஷத்தில் தட்டு, செம்பு, செல்போன், ஒரு கைக்குழந்தையின் கன்னம் வரைக்கும் சிவப்பு. வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்தார்கள், போகவில்லை. சோப்புப் போட்டதும் போனது. ஒருத்தரும் பேசவில்லை, செக்கிங் பெரியம்மா மட்டும் "ச்சீ, கருமம், இத்தனை நாளா இதையா தின்னோம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு தடவை போய்க் கழுவிவிட்டு வந்தார். அன்றிலிருந்து டீ டைமில் மற்றவர்களை விரட்டுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார், நான் சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடுகிறது. இதை யூனிட்டுக்குள் செய்துவிடாதீர்கள், துணியில் பட்டால் தொலைந்தது.

கக்கூஸ் போய்விட்டு வந்து கழுவுவதுதான் கடைசி வரை படியாமல் இருந்தது, அங்கே யாரும் பார்ப்பதில்லை. இதற்கும் வங்கதேசத்துக் கிராமப் பள்ளிகள் ரெண்டில் ஒரு வழி செய்து பார்த்திருக்கிறார்கள். கழிப்பறையிலிருந்து குழாய் வரை தரையில் பளிச்சென்று பாதையும் கால்தடமும், குழாயிடத்தில் கைத்தடமும் வரைந்து வைத்தார்கள், பாடம் ஒன்றும் எடுக்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவின பிள்ளைகள் 4 சதவீதத்திலிருந்து அடுத்த நாளே 68, ஆறு வாரம் கழித்து 74. எங்கள் பக்கத்து ஷெட்டில் ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை, அங்கிருக்கிற தம்பி ஒரு அட்டையில் கால் வடிவம் வெட்டி மீந்த பெயின்ட்டில் அடித்துக் கொடுத்தான், டீயும் வடையும்தான் செலவு. எழுத்து இல்லாததால் ஒடிசா, பீகார் பையன்களுக்கும் அது புரிந்தது. ஒரு குழாயை மட்டும் கக்கூஸ் வாசலுக்கே நகர்த்தினோம், அதுவும் உதவியது.

வெளியே சொல்லக் கூச்சப்படுகிற ஒன்று. வடக்கத்திப் பையன்கள் தொடுகிற குழாயில் நாங்கள் எப்படி என்று ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள், தனிக் குழாய் கேட்டார்கள். அது எங்கே போய் நிற்கும் என்று எனக்கும் தெரியும், இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே. வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒருத்தர் வேலையை விட்டே நின்றுவிட்டார், இன்னொருத்தர் ஒரு வாரம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் தானாக வந்து கழுவினார். ஒருமுறை பிரித்து வைத்துவிட்டால் பிறகு சேர்க்க முடியாது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலும் ஒரு கை பார்த்தேன். வருஷா வருஷம் அக்டோபர் 15, உலகக் கை கழுவும் தினத்தன்று, ஊர்வலம் போவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், அந்த வாரம் சோப்பு இருக்கும். மறுவாரம் சோப்பு யார் வாங்குவது என்பதற்குப் பதில் கிடையாது. பொது வேலை என்றால் யார் வேலையும் இல்லை. யூனிட்டில் முறை வைத்துச் செய்யச் சொன்னபோதும் இதுதான் நடந்தது, ரெண்டாவது வாரம் பாட்டில் காலி. இப்போது பெருக்குகிற அக்காவுக்கு மாதம் 500 ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறேன், பாட்டில் நிரப்புவது, வலைப் பை கட்டுவது, துடைக்கிற துணி வைப்பது அவர் பொறுப்பு. சோப்புக்கு ஆகிற செலவு மாதம் 200 ரூபாய்க்குள்தான். பள்ளிக்கூடத்தில் அந்த 500 ரூபாயைக் கொடுக்க ஆள் கிடைக்காமல் குழாய்கள் காய்ந்து கிடக்கின்றன, குழாய் வாங்கித்தர மட்டும் ஊரில் நாலு பேர் தயாராக இருக்கிறார்கள், பேர் எழுதி வைக்கலாமே.

இன்னும் முடியாதது பையன்கள் தங்கியிருக்கிற ரூம். ஒரு ரூமில் எட்டுப் பேர், வெளியே ஒரே கக்கூஸ், வீட்டு ஓனர் குழாய் வைக்கச் சம்மதிக்கவில்லை. அங்கே ஜிம்பாப்வேயில் கிராமங்களுக்காகக் கண்டுபிடித்த காலால் மிதிக்கிற கேனைக் கட்டியிருக்கிறோம். அஞ்சு லிட்டர் எண்ணெய் கேனின் மேல்பக்கத்தில் ஆணியைச் சுடவைத்து ஒரு துளை, கைப்பிடியைக் குச்சியில் கோத்து ரெண்டு கவட்டைக் கம்புக்கு நடுவில் தொங்கவிட்டு, மூடிக்கருகே கட்டின கயிற்றைக் கீழே தரையில் ஒரு குச்சியோடு முடிந்தால் போதும். மிதித்தால் கேன் சாய்ந்து கொஞ்சம் தண்ணீர் விழும், காலை எடுத்தால் நின்றுவிடும், குழாயைத் தொடவே வேண்டாம். சணல் கயிறு வெயிலில் அறுந்து போகிறது, நைலான் கயிறு வாங்குங்கள்.